கண்மாய் நிரம்பினால் எனக்குக் காய்ச்சல்

முப்பத்தோரு வருடம் சிப்பி வளர்த்தேன். ஒரு முத்துகூடப் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், முத்து எப்போது வரும் என்று கடைசி வரி வரைக்கும் தேடிக்கொண்டே வருவார்கள். என் மாமனார் அப்படித்தான் ஏமாந்தார். பொன்னமராவதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் அவர். மாப்பிள்ளை கடலோரத்தில் சிப்பிப் பண்ணையில் வேலை பார்க்கிறார் என்று தரகர் சொன்னதும் வேறு எதையும் விசாரிக்காமல் பெண்ணைக் கொடுத்துவிட்டார். தலைத் தீபாவளிக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மாப்ள, ஒரு நாளைக்கு எத்தன முத்து எடுப்பீங்க?" என்றார்.

"இது முத்துச் சிப்பி இல்லைங்க மாமா. திங்கிற சிப்பி" என்றேன்.

வாய்க்குப் போன வெற்றிலை பாதி வழியில் நின்றது. "திங்கிறதா? யாரு திங்கிறது?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார். என் மனைவி மீனாட்சி இன்றைக்கும் சண்டை என்று வந்தால் இந்தத் தீபாவளியிலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

இப்போது பண்ணைப் பொறுப்பில் இருப்பவர் போன மாதம் போன் செய்தார். சவுக்குக் கழிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, மிதக்கிற பிளாஸ்டிக் கூடைகளுக்கு மாறப்போகிறார்களாம். "கழியும் கயிறுமா இருந்தப்ப எப்புடிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க சார். பைல்ல அளவு மட்டுந்தான் இருக்கு, வெவரம் இல்ல" என்றார். தாராளமாக மாறட்டும். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று கழி நட்டவனுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. என் முழங்காலைக் கேட்டால், பத்து வருடம் முன்னாடியே மாறியிருக்கலாமே என்று சொல்லும். ஆனாலும் விவரம் கேட்டுவிட்டார். விவரம் சொல்வதில் எனக்குச் சோம்பல் கிடையாது.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்கு மேற்கே இருக்கிறது. கண்மாய்ப் பாசனம். மழை பெய்தால் வீட்டில் நெல் இருக்கும். பெய்யாவிட்டால் இளவட்டமெல்லாம் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க ஓடும். என் அண்ணன் அப்படித்தான் துபாய்க்குப் போனார். எனக்கு வெளிநாட்டு யோகம் கிழக்கே கடற்கரை வரைக்கும்தான் இருந்தது. மணமேல்குடியைத் தாண்டி, ஒரு காட்டாறு கடலில் கலக்கிற இடத்தில் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். அதில் களப் பணியாளர் வேலை கிடைத்தது.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஐப்பசியில் மேகம் கறுத்தால் எங்கள் அப்பாவுக்கு முகம் மலரும். அதே மேகத்தைப் பார்த்தால் எனக்கு முகம் கறுக்கும். சிப்பிக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பிக் கலிங்கில் வழிகிற தண்ணீர் ஓடையில் சேர்ந்து, ஓடை ஆற்றில் சேர்ந்து, இரண்டாம் நாள் என் சிப்பிகளின் தலைமேல் வந்து நிற்கும். ஊரே கும்பிட்டு வரவேற்கிற தண்ணீரை, கிழக்கே ஒருவன் வராதே வராதே என்று கையை விரித்துக்கொண்டு நிற்பான். அந்தப் பாவி நான்தான்.

பயிற்சிக்கு மூன்று மாதம் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். முதல் மாதம் நீந்தக் கற்றேன். இரண்டாம் மாதம் சிப்பியைக் கையைக் கிழித்துக்கொள்ளாமல் பிடிக்கக் கற்றேன். மூன்றாம் மாதம், கிழித்துக்கொண்டாலும் யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றேன். அவ்வளவுதான் பயிற்சி. மிச்சமெல்லாம் பண்ணையில் தப்புச் செய்து கற்றது.

சிப்பி வளர்ப்பு ஒன்றும் மந்திரமில்லை. சவுக்குக் கழிகளைக் கழிமுகத்துத் தரையில் ஆழமாக அடித்து, மேலே குறுக்குக் கழி கட்டினால் பந்தல் தயார். பழைய சிப்பி ஓடுகளில் ஓட்டை போட்டு, ஒரு நைலான் கயிற்றில் ஓட்டுக்கு ஓடு ஒரு முடிச்சு விட்டு ஆறு ஓடுகளைக் கோத்தால் அதற்குச் சரம் என்று பெயர். முடிச்சு சரியாக விழாவிட்டால் ஆறு ஓடும் வழுக்கி ஒரே குவியலாகிவிடும். நடுவில் மாட்டியது மூச்சுவிட முடியாமல் சாகும். பண்ணைத் தொட்டியில் பொரித்த சிப்பிக் குஞ்சுகள் இந்த ஓடுகளில்தான் முதலில் ஒட்டும். அதற்கு விதை என்று பெயர். விதை ஒட்டிய சரத்தைப் பந்தலில் தொங்கவிட்டால், அலை கொண்டுவருவதைத் தின்று அது பாட்டுக்கு வளரும். தீனி வைக்க வேண்டாம், மருந்தடிக்க வேண்டாம். படகின் அடியில் ஒட்டுகிற கொட்டலசு சிப்பியின்மேலும் ஒட்டும், அதை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுரண்டிவிட வேண்டும். நண்டும் துளை போடுகிற சங்கும் வந்தால் பொறுக்கி எறிய வேண்டும்.

இன்னொரு முறை தட்டு. இரும்புக் கம்பியில் சட்டம் செய்து, தார் பூசி, வலை பின்னி, மூடியும் போட்டால் கட்டில் மாதிரி ஒரு பெட்டி. தனித்தனிச் சிப்பிகளை அதில் போட்டு வளர்ப்போம். சிப்பி நிறைந்த தட்டைத் தூக்க மூலைக்கு ஒருவராக நாலு பேர் வேண்டும். மூன்று பேரால் தூக்கிவிடலாம் என்று ஒருமுறை முயன்றதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டு இருபது நாள் கிடந்தேன். மாமனார் பார்க்க வந்து, "திங்கிற சிப்பிக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டுவிட்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பண்ணையின் விஞ்ஞானி ரெஜினா மேடம். ஒல்லியான உருவம். பருத்திச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, ஆண்கள் போடுகிற ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு சேற்றில் எங்களுக்கு முன்னால் இறங்குவார். பதினோரு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். குரல் உயர்ந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சிரித்துப் பார்த்தது ஒரே ஒருமுறை. நான் எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"சுப்பையா, இதுல பாத்தது எது, நெனச்சது எது?"

முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. நண்டு சிப்பியைத் தின்றுவிட்டது என்று சொல்லியிருந்தேன். நண்டைப் பார்த்தீர்களா என்றார். இல்லை, உடைந்த ஓட்டைத்தான் பார்த்தேன். "அப்ப ஒடஞ்ச ஓடுதான் பாத்தது. நண்டு நெனச்சது" என்றார். என் நோட்டில் நடுவில் ஒரு கோடு போடச் சொன்னார். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. முதல் வருட நோட்டைப் புரட்டினால் வெட்கமாக இருக்கும். இடது பக்கம் நாலு வரி இருந்தால் வலது பக்கம் முழுக்க என் கற்பனை ஓடியிருக்கும்.

அவர் முன்னால் நான் செய்த பெரிய கூத்து சுண்ணாம்புக் கூத்து. தட்டில் வளர்க்கத் தனிக் குஞ்சு வேண்டுமே, அதற்கு வீட்டுக் கூரை ஓட்டில் சுண்ணாம்பு பூசிக் காயவைத்துக் கழிமுகத்தில் கட்டுவோம். குஞ்சுகள் வந்து அதில் ஒட்டும். என்னிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டு அவர் ஒரு மாதம் வெளியூர் போனார். நான் வருடா வருடம் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவன். எனக்கா சுண்ணாம்பு தெரியாது? வெறும் சுண்ணாம்பு உதிரும், வஜ்ஜிரப் பசை கலந்தால் சுவரைவிட்டு வராது. அறந்தாங்கியில் என் கைக்காசில் வஜ்ஜிரம் வாங்கி, காய்ச்சி ஊற்றி, நானூறு ஓட்டுக்கும் இரண்டு கை பூசினேன். எவ்வளவு அழகு! கல்யாண வீடு மாதிரி பளபளவென்று இருந்தது.

மேடம் திரும்பி வந்ததும், "இந்தத் தடவ குஞ்சு நல்ல பலமா ஒட்டியிருக்கு மேடம், நல்ல ரகம்" என்று பெருமையாகச் சொன்னேன். வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஒட்டியிருப்பது பார்த்தது, ரகம் நினைத்தது என்று ஒப்புக்கொண்டேன். ஓர் ஓட்டை எடுத்து ஓரத்தில் தட்டினார். எதுவும் விழவில்லை. கத்தியால் நெம்பினார். குஞ்சு நொறுங்கியது. ஓட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"என்ன கலந்தீங்க?"

"வஜ்ஜிரம் மேடம். உதிரக் கூடாதுன்னு."

ஓட்டைக் கீழே வைத்தார். "உதிரணும்னுதானே சுப்பையா சுண்ணாம்பே பூசுறோம். தட்டுனா குஞ்சு சுண்ணாம்போட பேந்து வரணும்."

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அவர் திட்டவில்லை. "எழுதி வைங்க. இனிமே வர்றவங்க இதையே செய்ய மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் பண்ணை பைலில் 'வஜ்ஜிரம் கலந்தால் பெயராது' என்ற வரிக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நான் செய்த முதல் தொண்டு அதுதான்.

இனி அந்த மழை வருடத்தைச் சொல்கிறேன். பண்ணையில் ரெஜினா மேடத்தின் உயிர் என்றால் அது இருபத்திரண்டு தட்டுத் தாய்ச்சிப்பிகள். ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்தவற்றை மட்டும் தாய்க்கென்று நிறுத்தி வைத்து, அவற்றின் குஞ்சுகளில் மறுபடியும் வேகமானவற்றை நிறுத்தி, நாலு தலைமுறையாகச் சேர்த்த தாய்ச்சிப்பிகள். அவற்றின் குஞ்சைத்தான் விதையாக, பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு முதல்முறையாகக் கொடுத்தோம். பந்தல் போட, சரம் கோக்க, சுரண்டக் கற்றுக்கொடுத்தவன் நான்.

குழுவின் தலைவி காளியம்மாள். வாட்டசாட்டமான உருவம், கணீரென்ற குரல். அவள் வீட்டுக்காரர் முனியாண்டி படகோட்டி. மனைவி தண்ணீரில் நின்று கழி நடுவதைப் பார்த்துவிட்டு, "கோழி வளப்பாக, ஆடு வளப்பாக. இவ கல்ல வளக்குறா" என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்றப் பெண்களின் வீட்டிலும் இதே கிண்டல்தான். காளியம்மாள் என்னிடம் ஒருமுறை நேராகக் கேட்டாள்.

"அண்ணே, பதினோரு பேர நான் இழுத்துட்டு வந்துருக்கேன். இது வருமா வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிருங்க. ஒரு தடவ தோத்தா இவளுகள மறுபடி கடலுக்குள்ள எறக்க முடியாது. அவுகவுக வீட்ல விட மாட்டாக."

"வரும்மா. நான் சொல்றேன்ல" என்றேன். வலது பக்கத்தில் எழுத வேண்டிய வார்த்தையை இடது பக்கத்தில் எழுதுகிற தைரியத்தோடு சொல்லிவிட்டேன்.

எட்டு மாதத்தில் சிப்பிகள் உள்ளங்கை அளவு வந்தன. இன்னும் நாலு மாதம் போனால் அறுவடை. அப்போதுதான் கார்த்திகையில் மழை பிடித்தது. ஒரு காலையில் அப்பா போன் செய்தார். பின்னால் தண்ணீர் விழுகிற இரைச்சலும் ஊர்க்காரர்கள் கூச்சலும் கேட்டது.

"கம்மா நெறஞ்சுருச்சுடா! ஒம்பது வருசங் கழிச்சுக் கலுங்குல தண்ணி விழுகுது. மாலை போட்டுக் கும்புட்டோம்டா!"

"சந்தோசம்ப்பா" என்றேன்.

"ஏன்டா கொரலு இப்புடி இருக்கு? காச்சலா?"

காய்ச்சல்தான் என்றேன். வேறு என்ன சொல்வது?

சொல்லி வைத்தாற்போல் இரண்டாம் நாள் கழிமுகம் செம்மண் நிறத்துக்கு மாறியது. உப்புமானி என்று ஒரு சின்னக் குழல் உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உப்பின் அளவு கோடாகத் தெரியும். கடல் தண்ணீருக்கு முப்பதுக்கு மேல் காட்டும். முதல் நாள் பன்னிரண்டு காட்டியது. மறுநாள் நாலு. அதற்கு மறுநாளிலிருந்து பூஜ்யம். சிப்பி நல்ல தண்ணீர் பட்டால் வாயை இறுக்க மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டு சில நாள் பட்டினியாகக் கிடக்கும். அதற்குமேல் தாங்காது, வாயைத் திறக்கும். திறந்தால் செத்துப்போனது என்று அர்த்தம். மேடம் புதுக்கோட்டைக்குக் கூட்டத்துக்குப் போனவர், சாலையில் தண்ணீர் ஓடியதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். நாலு நாள் காலையும் மாலையும் முனியாண்டியின் படகு விளிம்பில் குனிந்து தண்ணீரை அள்ளிப் பார்த்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

ஐந்தாம் நாள் காலையில் காளியம்மாள் பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். காரைக்குடிப் பக்கத்து ஓட்டல்காரர் ஒருவர், சிறிதோ பெரிதோ கிடைத்ததை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"எடுத்துரலாமா அண்ணே? சாகுறதுக்கு முந்தி எடுத்தாலாவது கண்ணால பாத்ததாகும்."

"எடுத்துருங்க" என்றேன். பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கத் தயாரானார்கள். முதல் சரத்தை அவிழ்க்கிற நேரத்தில்தான், ஒரு மணல் லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து ரெஜினா மேடம் வந்து இறங்கினார். பையை வைக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"உப்பு எவ்வளவு?"

"பூஜ்யம் மேடம். நாலு நாளா கழிமுகம் பூராவும் பூஜ்யம்."

"பூராவும்கிறது பாத்ததா, நெனச்சதா?"

"மேல் தண்ணிய..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். உப்புத் தண்ணீர் கனமானது. நல்ல தண்ணீர் அதன்மேல் மிதந்துகொண்டு போகும். தூத்துக்குடியில் முதல் வாரமே கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியது. கண்மாய்க்காரன் புத்திக்குத் தண்ணீர் என்றால் மேலேயும் கீழேயும் ஒன்றுதான். நாலு நாளும் மேலாக அள்ளி மேலாகப் பார்த்திருக்கிறேன்.

மேடம் பெண்களைப் பார்த்து, "இப்ப எடுத்தாலும் விக்கக் கூடாதும்மா. வெள்ளத்துல ஊர்ச் சாக்கடையெல்லாம் சேந்து வருது. சிப்பி அதையெல்லாம் வடிகட்டி உள்ள வச்சிருக்கும். தின்னவங்களுக்கு நோய் வரும்" என்றார். நான் செய்யச் சொன்ன காரியம் எவ்வளவு பெரிய விபரீதம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு சோடா பாட்டிலின் கழுத்தில் கயிறு கட்டி, அடியில் கல்லைக் கட்டி, தக்கையால் மூடி, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டினார். பாட்டில் தரையைத் தொட்டதும் தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுத்தால் அடித்தண்ணீர் உள்ளே போகும். பந்தலுக்கு அடியில் பார்த்தோம். மூன்று. அது போதாது. ஆற்று வாய்க்கு அருகில் மணல் தரையோடு ஓர் ஆழமான பள்ளம் உண்டு. படகோடு வந்திருந்த முனியாண்டிதான் அதைச் சொன்னார். அங்கே போய் பாட்டிலை விட்டோம். உப்புமானியைக் கண்ணில் வைத்தவன் கத்திவிட்டேன்.

"பதினெட்டு மேடம்! பதினெட்டு! பாத்தது!"

சரங்களைக் கட்டுக் கட்டாக அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் பிழைக்கும். ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து மற்றப் படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள், இருந்தது ஒரே படகு, முனியாண்டியின் படகு. மேற்கே இன்னும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் ஆற்று இழுப்பு கூடிவிடும், அதற்கு மேல் படகு நிற்காது என்றார் அவர். அவ்வளவு நேரத்தில் பெண்களின் சரங்களை மாற்றலாம். அல்லது பண்ணையின் இருபத்திரண்டு தட்டுகளை மாற்றலாம். இரண்டையும் முடியாது.

எல்லாரும் மேடத்தைப் பார்த்தோம். காளியம்மாள் மட்டும் கையிலிருந்த சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்பதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருப்பாள். பண்ணையின் பணியாளாக, தட்டு என்று சொல்ல வேண்டியவன் நான். அதுதான் என் வேலை. ஆனால் வரும்மா என்று வாக்குக் கொடுத்தவனும் நான்தான்.

மேடம் தட்டுகள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். ஒருமுறைதான்.

"சரத்தை அவுருங்க" என்றார்.

"மேடம், தாய்ச்சிப்பி..."

"நம்மது ஆராய்ச்சி சுப்பையா. அவங்களது பொழப்பு. நேரமாகுது."

அன்றைக்கு வேலை பார்த்ததுபோல் நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பெண்கள் தண்ணீரில் நின்று சரங்களை அவிழ்த்துப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுக்க, முனியாண்டி கழி ஊன்றிப் படகைப் பிடிக்க, நானும் மேடமும் கட்டுகளை நீளக் கயிற்றில் வரிசையாகப் பூட்டி, கல்லைக் கட்டிப் பள்ளத்தில் இறக்கினோம். அடையாளத்துக்குக் காலி மண்ணெண்ணெய் கேன்களைக் கட்டினோம். நடை நடையாக மழையிலேயே ஓடியது படகு. கல்லை வளர்க்கிறாள் என்று கேலி பேசிய முனியாண்டி, கட்டு ஒன்று நழுவித் தண்ணீரில் விழுந்தபோது கழியை எறிந்துவிட்டுக் குதித்தார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே வந்து, "புடிங்க சார், புடிங்க! புள்ள மாதிரி இருக்கு!" என்றார். தண்ணீரில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அந்த மழையிலும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கடைசிக் கட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இழுப்பு கூடிவிட்டது. தட்டுகள் பக்கம் போக முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை.

பத்து நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்தது. முதலில் பள்ளத்தில் கேனைப் பிடித்து ஒரு கட்டை இழுத்தோம். உயிருள்ள சிப்பி இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கருங்கல்லைத் தட்டியதுபோல் கெட்டியாகச் சத்தம் வரும். செத்ததைத் தட்டினால் தேங்காய்ச் சிரட்டைச் சத்தம் வரும். காளியம்மாள் இரண்டைத் தட்டினாள். கெட்டி. இன்னும் இரண்டு. கெட்டி. அங்கொன்றும் இங்கொன்றும்தான் சிரட்டை. பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள்.

பிறகு தட்டுகளுக்குப் போனோம். அங்கே தட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, எல்லாம் வாயைத் திறந்திருந்தன. ஆனாலும் மேடம் இருபத்திரண்டு தட்டையும் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'உயிருடன் இருப்பவை: இல்லை' என்று எழுதச் சொன்னார். குரல் மாறவே இல்லை. எனக்குத்தான் எழுத்து கோணியது. காலித் தட்டுகளைக் கழுவிக் காயவைத்துக் கரையில் அடுக்கினோம்.

பங்குனியில் பெண்களின் அறுவடை. ஒரு நாள் முழுக்க நல்ல கடல் தண்ணீரில் வைத்துச் சிப்பிகளைச் சுத்தப்படுத்தி, தரம் பிரித்து, பனிக்கட்டிப் பெட்டியில் ஏற்றி அனுப்பினோம். முனியாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ தானே வளர்த்ததுபோல் வேனுக்கு முன்னால் நின்று குப்பத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பருவத்துக்கு நாங்களும் வாரோம் என்று இன்னும் எட்டுப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை நானும் மேடமும் கரைக்கு வந்தபோது, அடுக்கி வைத்த காலித் தட்டுகளில் ஒன்று தனியாகத் தண்ணீர் ஓரத்தில் கிடந்தது. மேலே ஈரச் சாக்கு. சாக்கை எடுத்தேன். உள்ளே கைக்கு அடங்காத அளவில், ஒன்றைவிட ஒன்று பெரிதாக, உயிருள்ள சிப்பிகள். நேற்று வேனில் ஏறியவற்றில் ஒன்றுகூட இந்த அளவு இல்லை. காளியம்மாளும் முனியாண்டியும் படகருகே ஏதோ வேலையாக இருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இது எங்கருந்து வந்துச்சு?" என்றார் மேடம்.

காளியம்மாள் கடலைப் பார்த்தபடியே, "அதுகளா நடந்து வந்துருக்கும் மேடம்" என்றாள்.

ரெஜினா மேடம் சிரித்துவிட்டார். பதினோரு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். சின்னப் பெண்கள் சிரிப்பதுபோல் சத்தமாக இருந்தது. காளியம்மாள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு ஒங்களதச் சாகக் குடுத்துட்டு எங்களதத் தூக்குனீங்க. எங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எல்லாம் நீங்க குடுத்த வெதைதானே மேடம்? தாயி போனாலும் புள்ளைக இருக்குல்ல. பன்னண்டு பேரும் பெருசு பெருசாப் பாத்து விக்காம நிறுத்திட்டோம். மறுபடி ஆரம்பிங்க."

மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். தட்டைக் கடலில் இறக்க நாலு பேர் வேண்டும். காளியம்மாள் ஒரு மூலையைப் பிடித்தாள், முனியாண்டி ஒரு மூலை, நான் ஒரு மூலை. நாலாவது மூலையை ரெஜினா மேடம் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை காலியாக இல்லை.